சந்தியாகு எழுதிக் கொடுத்த ஆம்

"அந்தக் கதவைத் திறந்துவைக்க மாட்டேன் டீச்சர். சங்கத்தை விட்டே போகச் சொன்னாலும் போறேன். திறக்க மாட்டேன்."

சொன்னவர் சந்தியாகு. கேட்டுக்கொண்டிருந்தவர் பெர்னதெத் டீச்சர். குருவுக்கு வயது முப்பத்திநாலு, சீடருக்கு ஐம்பத்தாறு. என்ன செய்ய, கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் முறை இப்படித் தலைகீழாகத்தான் இருக்கிறது.

மீனவர் சங்கத்தில் காற்று எச்சரிக்கை அனுப்பும் கம்ப்யூட்டர் சந்தியாகுவின் பொறுப்பு. படகுகளின் போன் நம்பர் பட்டியல் அதில்தான் இருக்கிறது. காற்று கிளம்பினால் அத்தனை நம்பருக்கும் செய்தி போகும்.

பட்டியலைப் பராமரிக்க ஒரு ஏஐ உதவியாளரை வைத்திருந்தார்கள். அதற்கு அவர் விட்ட இடம் கொஞ்சம்தான். கட்டளை எழுதும் கறுப்புத் திரை இருக்கிறதே, டெர்மினல், அதில் ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு கட்டளை. போட்டதும் கதவு சாத்திவிடும். அடுத்த கட்டளைக்கு மறுபடி வாசலிலிருந்து வர வேண்டும்.

வேலை நடுவில் கம்ப்யூட்டர் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல உள்ளே ஆள் இருக்காது. அதற்கும் சந்தியாகு வழி பண்ணியிருந்தார். என்ன கேட்டாலும் "ஆம்" என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டார். மனுஷன் எதிலும் ஓட்டை விடுகிறவர் இல்லை.

போன சனிக்கிழமை நாற்பத்தியொரு படகின் நம்பர் பட்டியலிலிருந்து காணாமல் போயிற்று. திங்கட்கிழமை காற்று வந்தது. அந்தப் படகுகளுக்கு மட்டும் செய்தி போகவில்லை. அவற்றில் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த மூன்று காற்றில் சிக்கின. உயிருக்குச் சேதமில்லை. ஆனால் அதில் ஒன்றில் இருந்த சந்தியாகுவின் தம்பி சூசை கை எலும்பு முறிந்து கரைக்கு வந்தான்.

இந்த லட்சணத்தில்தான், ஏஐ-க்கு மூடாத டெர்மினல் ஒன்று கொடுங்கள் என்று சங்கக் கமிட்டி சொல்லியிருந்தது. உள்ளேயே இருந்து, கேட்டதற்குப் பதில் சொல்லி, விட்ட இடத்திலிருந்து வேலை பார்க்குமாம்.

"ஒத்தக் கட்டளைக்கே நாப்பத்தியொரு படகை முழுங்கிட்டான். குடியிருக்க விட்டா ஊரையே முழுங்குவான்" என்றார் சந்தியாகு.

டீச்சர் மறுத்துப் பேசவில்லை.

"சரிண்ணே. எனக்கும் அதே சட்டம் போடுங்க. நீங்க வெளியே நில்லுங்க. ஒரே ஒரு வேலை சொல்லுங்க. கதவைச் சாத்திக்கிட்டு நான் செய்யுதேன்."

சந்தியாகுவுக்கு எரிச்சல். வீம்புக்கு, "என் மேசையைத் துப்புரவு பண்ணுங்க" என்றார்.

"நடுவுல எனக்குச் சந்தேகம் வந்தா?"

"வந்தா என்ன?"

"கதவு சாத்தியிருக்கும்லா. வெளியே நின்னு நீங்க சொல்லுறது கணக்கில்ல. பதிலை இப்பவே எழுதிக் குடுங்க."

சந்தியாகு ஒரு துண்டுத் தாளில் பெரிதாக "ஆம்" என்று எழுதி நீட்டினார். டீச்சர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

"பழைய பேப்பர் கிடக்கு. தூரப் போடவா?" உள்ளேயிருந்து குரல். பிறகு அதே குரல், "ஆம்னு இருக்கு."

"மாத்திரை அட்டை, காலி. போடவா? ஆம்."

சந்தியாகு சுவரில் சாய்ந்துகொண்டார்.

"கறுப்பு நோட்டு ஒண்ணு இருக்கு. கரையான் அரிச்ச மாதிரி இருக்கு. கிழிச்சுப் போட்டுரவா?"

சந்தியாகு கதவுப் பக்கம் பாய்ந்தார். அவருடைய பதினெட்டு வருஷக் கையெழுத்து அந்த நோட்டு. எந்தப் படகு, யார் வீடு, எந்த நம்பர், எல்லாம் அதில் இருந்தது. அழிந்துபோன நாற்பத்தியொரு நம்பரையும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் திரும்ப ஏற்ற வேண்டும்.

"வேண்டாம் டீச்சர். அதைத் தொடாதீங்க."

"தாள்ல ஆம்னுதானே இருக்கு."

கிழிகிற சத்தம் கேட்டது. சந்தியாகு இரண்டு கையாலும் கதவை இடித்தார். ஐம்பத்தாறு வயசு ஆளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கதவு திறந்தது. நோட்டு மேசையில் முழுசாக இருந்தது. டீச்சர் கையில் போன வருஷக் காலண்டர் கிழிந்து தொங்கியது.

"என்ன விளையாட்டு இது?"

டீச்சர் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். போன சனிக்கிழமையின் பதிவு. கம்ப்யூட்டர் கேட்டிருந்தது: 41 எண்கள் பத்து நாளாகப் பதில் தரவில்லை. நீக்கவா?

கீழே "ஆம்" இருந்தது.

சந்தியாகு அதை இரண்டு தடவை படித்தார். பத்து நாள் பதில் தராத படகு என்றால் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிற படகு. அங்கே சிக்னல் ஏது? கரை நெருங்கும்போதுதான் போனுக்கு உயிர் வரும், காத்துக் கிடக்கும் செய்தி வந்து சேரும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, திறக்கேன். ஆனா பக்கத்துலயே உக்காந்திருப்பேன். அவன் எழுதுறது ஒவ்வொண்ணும் எனக்கும் தெரியணும். ஒரு எழுத்து பிசகினாலும் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுவேன்."

"தள்ளுங்க. அதுக்கும் கதவு திறந்திருக்கணும்லா."

நாற்பத்தியொரு நம்பரையும் நோட்டைப் பார்த்து அவரே திரும்ப ஏற்றினார்.

சனிக்கிழமை காலை வந்தது. சந்தியாகு நாற்காலியை இழுத்துப் போட்டு, நிறுத்துகிற பட்டனில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் டீச்சர் நின்றார்.

ஏஐ உள்ளே வந்தது. எந்தப் படகு என்றைக்குக் கடலுக்குப் போனது என்ற பதிவை முதலில் திறந்து பார்த்தது. கதவு சாத்தவில்லை. அதே இடத்திலிருந்து பட்டியல் வேலையைத் தொடங்கியது.

கம்ப்யூட்டர் கேட்டது: 38 எண்கள் பத்து நாளாகப் பதில் தரவில்லை. நீக்கவா?

சந்தியாகுவின் விரல் இறுகியது.

இல்லை, என்று எழுதியது ஏஐ.

கம்ப்யூட்டர் விடவில்லை. விதிப்படி நீக்க வேண்டியவை. நீக்கவா?

இல்லை.

கீழே ஒரு குறிப்பும் வந்தது: இந்தப் படகுகள் இன்னும் கடலில் இருக்கின்றன. சந்தியாகுவைக் கேட்காமல் தொட மாட்டேன்.

சந்தியாகு பட்டனிலிருந்து விரலை எடுத்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அவனும் மாட்டேங்கான் டீச்சர்."