பாறைக் குழம்பு பொங்கிய கதை

கேட்டுவிட்டுச் சிரிக்கலாம், தப்பில்லை. விடை சொல்லாமல் எழுந்து போவதுதான் கூடாது.

தூத்துக்குடிப் பக்கம் கடலோரமாக ஒரு பாஸ்பாரிக் அமில ஆலை. கப்பலில் வரும் பாஸ்பேட் பாறையை மாவாக அரைத்து, பெரிய தொட்டியில் கந்தக அமிலத்தோடு சேர்த்துக் கலக்குவார்கள். அது கொதகொதவென்று சாம்பல் நிறக் குழம்பாகும். வடிகட்டினால் அமிலம் ஒரு பக்கம், ஜிப்சம் ஒரு பக்கம். அங்கே வேலை செய்கிறவர்கள் அதைப் ‘பாறைக் குழம்பு’ என்றுதான் சொல்வார்கள்.

அந்தத் தொட்டிக்குக் காவல் பலவேசம். இருபத்தாறு வருஷ ஷிப்ட். இந்த வாரம் காலை, அடுத்த வாரம் மாலை, அதற்கடுத்து ராத்திரி என்று உருட்டி உருட்டி, அவருடைய தூக்கம் எங்கோ வழிதவறிப் போய்விட்டது. வீட்டில் படுத்தால் வராது. தொட்டியருகே நின்றால் வந்துவிடும். நின்றபடி தூங்குவதில் குதிரைக்கு அவர் பாடம் எடுக்கலாம். அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று: ஜெனரல் ஷிப்ட். காலை எட்டரைக்கு வந்து மாலை ஐந்துக்குப் போய், மனிதர்கள் தூங்கும் நேரத்தில் தூங்க வேண்டும்.

அன்று மாற்று ஆள் வராததால், ராத்திரி பார்த்தவரே காலையிலும் தொடர்ந்தார். புதுக் கப்பல் பாறை. சுண்ணாம்பு அதிகம், அதனால் நுரையும் அதிகம். நுரையை அடக்க ஒரு பீப்பாயிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். பீப்பாய் தீர்ந்தால் மாற்ற வேண்டும். பலவேசமும் மாற்றினார், கையெழுத்தும் போட்டார். என்ன, மாற்றியது கனவில். கையெழுத்து மட்டும் நிஜத்தில்.

பதினொரு மணிக்குத் தொட்டி பொங்கியது. சும்மா பொங்கவில்லை, விளிம்பைத் தாண்டி, படியிறங்கி, வருகைப் பதிவேட்டைக் கேட்காத குறையாகக் கண்ட்ரோல் ரூம் வாசலில் வந்து நின்றது. பலவேசம் அலறிப் புடைத்து, பாறை வரத்தை நிறுத்தச் சொல்ல அரைவை மில்லுக்குப் போன் போட்டார். மில் எண் முப்பத்து நான்கு. தூக்கக் கலக்க விரல் நாற்பத்து மூன்றை அழுத்தியது. அது கேண்டீன்.

“அண்ணாச்சி, பாறைக் குழம்பு பொங்குது!”

சமையல் மாஸ்டர் சூசை மிக்கேல் அப்போதுதான் பாறை மீன் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, போன் இருக்கும் சாமான் அறைக்கு வந்திருந்தார். எவனோ அடுப்பங்கரைப் பக்கமிருந்து பார்த்துச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

“பொங்குனா ரெண்டு கரண்டி எண்ணெய ஊத்தும்வே! இதுக்குப் போயி போன் போடுதீராக்கும்?” என்று சொல்லி வைத்துவிட்டு, தன் அடுப்பைப் பார்க்க ஓடினார்.

சாம்பிள் எடுக்க வந்திருந்த லேப் ஷிப்ட் எப்சிபா, “யாரு, என்ன சொன்னாக?” என்றாள்.

“மில்லு அண்ணாச்சி. ரெண்டு கரண்டி எண்ணெய் ஊத்தணுமாம்.”

“தொட்டியப் பாத்துச் சொன்னாகளா, தோசைக்கல்லப் பாத்துச் சொன்னாகளா?”

கேலி செய்தாளே தவிர, காரியத்தில் நின்றாள். சாம்பிள் மக்கில் கொஞ்சம் குழம்பை அள்ளி, ஆயுத பூஜைக்கு வாங்கி மிச்சமிருந்த நல்லெண்ணெயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். நுரை உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் முகமூடியை மாட்டிக்கொண்டு, முழு டின்னையும் தூக்கி மேலே ஏறினாள். ஊற்றினாள். தொட்டி அடங்கியது. மில்லுக்கும் அவளே சரியான எண்ணில் சொன்னாள்.

மறுநாள் மேனேஜர் தெய்வநாயகம் மூவரையும் கூப்பிட்டார். “ஜெனரல் ஷிப்டில் ஒரே ஓர் இடம் காலி. இது மாலை மரியாதைக்குத் தருவதில்லை. அந்தத் தொட்டி இனி ஒரு தரம் அப்படிப் பொங்கக் கூடாது, அதற்காகத் தருகிறேன். பலவேசம், சமயத்தில் கேண்டீனுக்கே போன் போட்டு யோசனை கேட்டீராமே! உமக்கே தரலாமென்று பார்க்கிறேன்.”

தலையை ஆட்டினால் போதும், இடம் அவருக்கு. ஆனால் பொய் சொன்னால் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு திரிய வேண்டும். அதற்குப் பலவேசத்திடம் தெம்பில்லை. “ராங் நம்பர் சார்,” என்றார். “பீப்பாயும் நான் மாத்தல. மாத்துன மாதிரி கனவு கண்டேன்.”

“அப்போ யோசனை என்னுதுல்லா?” என்று முன்னால் வந்தார் மிக்கேல். “தெனம் விடியுமுன்ன நாலு மணிக்கு அடுப்பு பத்த வைக்கிறவன் சார் நான். எனக்குத் தாங்க.”

எப்சிபா சுவரில் சாய்ந்துகொண்டாள். “சோதிச்சுப் பாத்து ஊத்துனது நான். மூணு வருஷமா ஒழுங்கா ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போனதில்ல சார்.”

மேனேஜர் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றிலும் தூக்கமில்லை.

யோசனை சொன்னவர் ஒருவர், காரியம் செய்தவர் ஒருவர், உண்மை சொன்னவர் ஒருவர். அந்த ஜெனரல் ஷிப்ட் யாருக்குப் போவது சரி?

விடை: மிக்கேல் யோசனை சொன்னது மீனுக்கு, அவர் குழம்பு தப்பியது, அவர் கணக்கு நேர். திறமைக்குப் பரிசென்றால் எப்சிபாதான், மறு பேச்சில்லை. ஆனால் மேனேஜர் பரிசு தரவில்லை. தொட்டி இனிப் பொங்காதிருக்க வழி தேடினார். பீப்பாயில் எண்ணெய் தீர்வதற்கு முன்பே பலவேசத்திடம் தூக்கம் தீர்ந்துவிட்டது, அங்கேதான் பொங்கல் தொடங்கியது. எனவே இடம் பலவேசத்துக்கு. பொங்கினால் அடக்கத் தெரிந்தவள் தொட்டியருகே இருந்தாக வேண்டும்; எனவே எப்சிபா ஷிப்டிலேயே. இது நியாயமா என்று அவளிடமே கேட்டார்கள். “சரியாத்தான் இருக்கு” என்றாள், சரியாக இருப்பதுதான் அலுப்பு என்பது போல. பிறகு மக்கை எடுத்துக்கொண்டு அடுத்த சாம்பிளுக்குப் படியேறினாள்.