உப்பு போடாத ஜாடி

தூத்துக்குடியில் ரெஜினாவின் வீட்டு மாடியில் செவ்வாய்தோறும் ஊறுகாய் வகுப்பு நடக்கும். ரெஜினாவுக்கு முப்பத்தைந்து வயது. அவளிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவரான பொன்பாண்டிக்கு அறுபத்துமூன்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனி ஆள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அன்று எல்லோரும் போன வாரம் வீட்டில் உப்பு அடைத்து வைத்த நாரத்தங்காயை ஜாடியோடு கொண்டுவந்திருந்தார்கள். ஊறுகாயைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். கூடப் படிக்கும் எஸ்தர் தன் வீட்டுப் பூனையைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டிருந்தாள். பொரித்த மீன் என்றால் தின்கிறதாம். குழம்பு மீனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறதாம்.

"எங்க மாமியார்கூட என் சமையல இவ்வளவு குறை சொன்னதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். பொன்பாண்டியும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, உங்க நாய் எவ்வளவோ தேவல. கருவாடு கெடைச்சாப் போதும்பீங்களே. பொட்டு சொகமா இருக்கா?" என்று எஸ்தர் கேட்டாள்.

"இருக்கு" என்றார்.

ரெஜினா ஒவ்வொரு ஜாடியாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தாள். பொன்பாண்டியின் ஜாடியைத் திறந்தவள் யாரும் பார்க்கும் முன் மூடிவிட்டாள். பூசணம் பூத்திருந்தது. இது மூன்றாவது தடவை. கண்ணாடிச் சரக்கை அலுங்காமல் இறக்கிப் பேரெடுத்த மனிதருக்கு ஒரு நாரத்தங்காய் வசப்படவில்லை.

மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து கேட்டாள்.

"உப்பு போட்டீங்களா அண்ணாச்சி?"

"போட்டேன்."

"இல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கை வரல டீச்சர்."

"என்னாச்சு?"

"பொட்டு போயிருச்சு. ரெண்டு மாசம் ஆச்சு. கேக்குறவங்ககிட்ட சொல்ல வாய் வரமாட்டேங்குது."

அவள் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவராகவே சொன்னார்.

ஒன்பது வருஷம், தினமும் மத்தியானம், அவரும் நாயும் அடுப்படித் தரையில் எதிரும் புதிருமாக உட்காருவார்கள். வறுத்த கருவாட்டைப் பிய்த்து இவர் பாதி தின்பார், அது பாதி தின்னும். நாய்க்கு உப்பு ஆகாது என்று இரண்டு பேர் சொன்னார்கள். அது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது கொடுக்காமல் எப்படித் தின்பது என்று விட்டுவிட்டார்.

"டாக்டர் கிட்னி ரெண்டும் போச்சுன்னாரு. என்ன குடுத்தீங்கன்னு கேட்டாரு. சொன்னேன். எழுதிக்கிட்டிருந்த பேனாவ மூடி வச்சிட்டாரு."

"அப்புறம்?"

"பதினோரு நாள் இருந்துச்சு. சோறு திங்கல, பாலு குடிக்கல. கடைசி அன்னைக்குக் கருவாட்டு டப்பாவப் பாத்து வாலாட்டுச்சு."

"குடுத்தீங்களா?"

"குடுக்கல."

கீழே தெருவில் தண்ணீர் லாரி நின்று போனது.

"இப்ப உப்பக் கையில எடுத்தாலே அது வந்து எதிர்ல உக்காந்துக்கிடுது. சோறு வடிச்சு வெறுந்தண்ணி ஊத்திக் குடிக்கேன். எறங்க மாட்டேங்குது. நான்தானே டீச்சர் அதக் கொன்னேன்?"

இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தார். அவளோ எழுந்து உள்ளே போய் ஒரு சின்னப் பீங்கான் ஜாடியைக் கொண்டுவந்தாள். உள்ளே நாரத்தங்காய் கறுத்துச் சுருங்கிக் கிடந்தது. ஒரு துண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ஏழு வருஷம் ஆச்சு" என்றாள். "எங்க அப்பாவுக்கு நெஞ்சுல கோளாறு. ஊறுகா ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. ஒரு நாள் மோர்ச் சோறு பெசஞ்சு வச்சேன். ஒரு துண்டு நாரத்தங்கா குடுன்னாரு."

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன். மறுநாள் விடிய போயிட்டாரு."

"இந்த ஜாடியில இருந்தா?"

"இதுல இருந்துதான்."

அவர் அந்தத் துண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயில் போட்டு மெதுவாக மென்றார். கண்ணில் நீர் வந்தது.

"கெடவே இல்லையே."

"உப்பு போட்டிருக்குல்ல."

அவள் ஒரு புது நாரத்தங்காயை எடுத்துச் சுற்றிக் கீறி அவர் முன்னால் வைத்தாள். கல்லுப்புக் கிண்ணத்தைப் பக்கத்தில் நகர்த்தினாள். அவர் கிண்ணத்தையே பார்த்தார். அவள் உதவிக்கு வரவில்லை, போடுங்கள் என்றும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு கை அள்ளினார். விரல் இடுக்கில் பாதி சிந்தியது. மீதியைக் கீறலுக்குள் அடைத்தார். அடைத்துவிட்டு, வாயில் இருந்ததை விழுங்கினார்.

"ஏழு வருஷம் ஆகியும் கசப்பு போகலையே டீச்சர்."

"போகாது அண்ணாச்சி. சோத்துக்குத் தொட்டுக்கிடலாம்."