பால் காய்ச்சிப் பார்த்த அண்டாக்கள்

முன்னொரு காலத்தில், ஓர் ஆற்றங்கரையிலே மூன்று நாடுகள் இருந்தனவாம். மேல்நாட்டில் பால்சோறு, நடுநாட்டில் கேழ்வரகுக் கஞ்சி, கீழ்நாட்டில் புளிக்குழம்பு. ஒரு பாத்திரம் மூன்று நாட்டிலும் விலைபோக வேண்டுமானால், மூன்று சுங்கச்சாவடிகளிலும் மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். சலித்துப்போன அரசர்கள் ஒன்றுகூடி, மேல்நாட்டில் ஒருமுறை பால் காய்ச்சிப் பார்த்து முத்திரை குத்தினால் போதும், பிறகு எவரும் தடுக்கக் கூடாது என்று ஓலை எழுதிக்கொண்டார்களாம். நல்ல ஏற்பாடுதானே? கேளுங்கள்.

கீழ்நாட்டுச் சாவடியில் பாத்திரம் சோதிப்பவள் செங்கமலம். தேர்த்திருவிழா அன்னதானத்துக்கென்று, நாகநம்பி என்னும் வணிகன் நூறு பித்தளை அண்டாக்களைக் கொண்டுவந்து இறக்கினான். அவள் ஒன்றைக் கவிழ்த்தாள், முத்திரை இருந்தது. உள்ளே தடவினாள், ஈயப்பூச்சு இல்லை.

"ஐயா, இதில் புளி கொதித்தால் களிம்பு ஏறும். ஊரே வாந்தி எடுக்கும்."

"முத்திரை இருக்கிறதே அம்மா, கண் தெரியவில்லையா?"

"கண் தெரிகிறது. ஈயந்தான் தெரியவில்லை."

வணிகன் நேரே அரசரிடம் ஓடினான். அரசர் அவளை அழைத்து, "செங்கமலம், நாம் இதைத் திருப்பினால், நம் நெசவாளர்களின் துணியை மேல்நாட்டார் திருப்புவார்கள். விட்டுவிடு" என்றார்.

அவள் யோசித்தாள். அரசர் சொன்னதும் பொய்யில்லை. ஆனால், பந்தியில் உட்காரப்போவது சின்னஞ்சிறு குழந்தைகளும் அல்லவா?

"விடுகிறேன், அரசே. முதற்பந்தியில் நம்பி ஐயா உட்காரட்டும்" என்றாள். அரசரும் சம்மதித்தார். உடனே அவள் ஓர் அண்டாவில் ரசம் வைத்து, உச்சிப்பொழுது வரை அப்படியே விட்டு, அரசர் முன்னிலையில் வணிகனுக்கு ஒரு குவளை நீட்டினாள்.

"இன்று எனக்கு விரதம், அம்மா."

"நாளைக்கு?"

"நாளையும் விரதம்."

"நாளை மறுநாள்?"

வணிகன் குவளையைத் தள்ளினான். "ஈயம் பூசியதில் வைத்துக் கொடு, குடிக்கிறேன்!" என்று உளறிவிட்டான்.

"அப்படியானால், தெரிந்தேதான் கொண்டுவந்தாயா?" என்று அரசர் எழுந்தார்.

அப்புறம் என்ன? ஈயம் பூசுபவரின் உலையருகே வணிகனை உட்காரவைத்து, நூறு அண்டாவுக்கும் அவன் கையாலேயே துருத்தி ஊதச் செய்தார்கள். பூசி முடித்த ஒவ்வொன்றிலும் ரசம் வைத்து, முதல் வாய் அவனுக்கே ஊற்றினார்கள். நூறு வாய்!

அரசரோ தலைகுனிந்து, "அந்த ஓலையில் ஒப்பமிட்டபோது, எங்கள் ஊரில் புளி கரைப்போம் என்று நானே சொல்லவில்லையே" என்றார். மறுபடியும் மூவரும் கூடினார்கள். முத்திரை ஒன்றாகவே இருக்கட்டும்; ஆனால் பாலும் காயவேண்டும், கஞ்சியும் காயவேண்டும், புளியும் கொதிக்கவேண்டும், அதன் பிறகே குத்தவேண்டும் என்று எழுதினார்கள். எழுதும்போது செங்கமலத்தையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் பொதுவாக விதி எழுதுகிறவர்கள், எல்லோர் வீட்டு அடுப்பையும் எட்டிப் பார்த்துவிட்டு எழுதவேண்டும், கண்ணுகளா. அங்கே திருவிழாப் பந்தியில் ஊரார் வயிறார உண்டார்கள். நாம் இங்கே மனமார உறங்குவோம்.