உமையாளின் பூக்கள்ளி

“நாள் தவறாம தண்ணி ஊத்தினேன் அம்மா. அப்படியும் சாகுது.”

சிதம்பரதாணு தொட்டியைக் குருவின் முன் வைத்தார். முள் நிறைந்த பூக்கள்ளி. ஒரு கிளையின் நுனியில் மட்டும் சிவப்பாய்க் கொஞ்சம் பூ மிஞ்சியிருந்தது.

குரு பர்வதவர்த்தினி அவரைவிட வயதில் மிக இளையவர். மழை எட்டாத ஒரு குன்றின் அடிவாரத்தில், கல்லும் மணலுமான நிலத்தில் தோட்டம் போட்டிருந்தார்.

அடித்தண்டை அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போனது.

“யார் வளர்த்தது, ஐயா?”

“என் மக உமையாள். ஐப்பசியில காய்ச்சல்ல போயிட்டா.”

“அவ எப்படித் தண்ணி ஊத்துவா?”

சிதம்பரதாணு தொட்டியின் ஈரமண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

“எப்பவாவதுதான். வாயில்லாச் செடியக் காயப் போடுறியேன்னு நான் திட்டுவேன். அவ சிரிப்பா.”

குரு கத்தியை எடுத்தார். பூ இருந்த கிளையை வெட்டினார்.

“ஐயோ! அவ வச்ச செடிம்மா அது!”

“வேர் அழுகிப் போச்சு, ஐயா.”

வெட்டிய இடத்தில் பால் பொங்கி வடிந்தது. கிளையைத் தண்ணீரில் முக்கி அதை நிறுத்தினார். தொட்டியைத் தூக்க வந்த சிதம்பரதாணுவின் விரல்களிலும் பால் ஒட்டியிருந்தது.

“நல்லாக் கழுவுங்க. அந்தக் கையால கண்ணைத் துடைச்சுடாதீங்க.”

“நான் அழுறதில்லைம்மா.”

குரு அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கிளையை நிழலில் ஓர் ஓட்டின் மேல் கிடத்தினார்.

மறுநாள் காலையிலேயே சிதம்பரதாணு வந்து நின்றார்.

“நடலாமா?”

“வெட்டு காயல.”

அதற்கடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும்.

“வாடுதே அம்மா.”

“வாடட்டும். வெட்டு காயணும்.”

ஒரு நாள் வெட்டுவாய் தோல் போல் இறுகியிருந்தது. பூ உதிர்ந்துவிட்டது. சரளை கலந்த மணலில் அவரையே நடச் சொன்னார் குரு.

நட்டதும் சிதம்பரதாணு தண்ணீர்ச் செம்பை எடுத்தார். குரு அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“ஒரு சொட்டுகூடவா?”

“இப்ப வேண்டாம்.”

“அப்போ நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

வெறுங்கைகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வேட்டியில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

“சும்மா இருக்க முடியாதும்மா. எதையாவது செஞ்சுக்கிட்டே இருந்தா பொழுது போயிடுது. உட்கார்ந்தா அவ நெனப்பு வந்துடுது.”

“வரட்டும், ஐயா,” என்றார் குரு.