நயினார் நின்ற நேரம்

ஆறுமுகநயினாருக்கு ஐம்பத்து மூன்று வயது. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். அவருடைய சைக்கிள் குருவுக்கு முப்பத்தொன்று. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், பெயர் ஜெபசெல்வி. குரு என்றால் தாடியும் கமண்டலமும் வேண்டும் என்கிறவர்கள் இந்தக் கதையை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம். டீச்சரிடம் இருந்தது ஒரு விசில்.

நயினாரின் ஆசை இதுதான்: முந்நூறு கிலோமீட்டரை இருபது மணி நேரத்துக்குள் சைக்கிளில் ஓட்டி முடிக்க வேண்டும். பந்தயம் இல்லை. முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு டீச்சரின் பள்ளிக்கூட மைதானத்தில் கிளம்பி, மதுரை ஓரம் வரை போய்த் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்குள் வந்து சேர்ந்தால் அட்டையில் ஒரு முத்திரை குத்துவார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு முத்திரைக்காக மனுஷன் இரண்டு வருஷமாகப் பரோட்டாவை விட்டிருந்தார். திருநெல்வேலிக்காரன் பரோட்டாவை விடுவது என்றால் சும்மா இல்லை.

முதல் தடவை கோவில்பட்டியோடு கால் பிடித்துக்கொண்டது. அதற்கு யாரைக் குற்றம் சொல்ல? இரண்டாவது தடவைதான் வயிற்றெரிச்சல். முந்நூறையும் ஓட்டி முடித்து, பதினொரு நிமிஷம் பிந்தி வந்தார். முத்திரை மேசையில் உட்கார்ந்திருந்தது ஜெபசெல்வி டீச்சரேதான்.

ஹேண்டில்பாரிலிருந்து, வேகமும் நேரமும் காட்டும் ஜிபிஎஸ் கருவியைக் கழற்றி நீட்டினார் நயினார். “இதைப் பாருங்க டீச்சர். பதினாறு மணி நாப்பது நிமிஷம்னு காட்டுது. சராசரி பதினெட்டு.”

“மணி பன்னெண்டு பதினொண்ணு அண்ணாச்சி,” என்றார் டீச்சர்.

முத்திரை டப்பாவை மூடிவிட்டார். நயினாருக்கு அழுகை வந்தது. முகத்தைக் கழுவுகிற சாக்கில் குழாயடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

வீட்டில் போய் மனைவி கோமதியிடம் சபதம் போட்டார். இன்னும் ஒரே ஒரு தடவை. அதிலும் முடிக்கவில்லை என்றால் சைக்கிளை விற்றுவிடுவது. அடுத்த தெருப் பல் டாக்டர் அந்தச் சைக்கிள் மேல் ஆறு மாதமாகக் கண் வைத்திருந்தார். கோமதி அன்றைக்கே அவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். சபதம் போடுகிறவர்கள் மனைவிக்கு முன்னால் போடக் கூடாது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆபீஸுக்குப் போகிற வழியில் நயினார் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தார். விளையாட்டு விழாவுக்காக டீச்சர் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“புதுக் கருவி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எதை வாங்க?”

கைபேசியில் மூன்று படங்களைக் காட்டினார். ஒன்று வெயிலிலேயே சார்ஜ் ஏறிக்கொள்ளும். ஒன்று முன்னால் வருகிற ஏற்றத்தை முன்கூட்டியே படம் போட்டுக் காட்டும். மூன்றாவது, ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் பொதுவான கைக்கடிகாரம். தூங்கினால் தூக்கத்துக்குக்கூட மார்க் போடும்.

“இருக்குறதுக்கு என்ன குறை?”

“பொய் சொல்லிட்டுது டீச்சர். அதை நம்பித்தான் நான் கெட்டேன். நேரம் நிறையக் கிடக்குன்னு காட்டிச்சு. நானும் ஆற அமர வந்தேன்.”

டீச்சர் சுண்ணாம்புக் கையைத் தட்டிக்கொண்டார். “சைக்கிள் இருக்கா?”

“வெளிய நிக்கி.”

“ஒரு சுத்து நானூறு மீட்டர். பத்துச் சுத்து வாங்க. ஒன்பதரைக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும். அதுக்குள்ள முடிக்கணும்.”

அப்போது மணி ஒன்பது பத்து. இருபது நிமிஷத்தில் நாலு கிலோமீட்டர். நயினாருக்குச் சிரிப்பு வந்தது. பேன்ட்டை மடித்துவிட்டு ஏறினார்.

இரண்டாவது சுற்றில் டீச்சர் விசில் ஊதினார். “அண்ணாச்சி, இந்த நாடாவைக் கொஞ்சம் பிடிங்க.” பிடித்தார். நாலாவது சுற்றில் இன்னொரு விசில். சுண்ணாம்பு மூட்டையை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டுமாம். நகர்த்தினார். ஆறாவது சுற்றில் யாரும் கூப்பிடவில்லை. அவராகவே நின்றார். “பாத்தீங்களா டீச்சர், சராசரி பத்தொன்பதுக்கு மேல!” என்றார். வாட்ச்மேன் நீட்டிய டீயையும் வாங்கிக் குடித்தார். டீ சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்தார்.

எட்டாவது சுற்று முடிந்தபோது மணி அடித்தது.

“எத்தனை சுத்து?”

“எட்டு. நீங்க நடுவுல நடுவுல கூப்பிட்டா நான் என்ன செய்ய?”

“கருவி என்ன சொல்லுது?”

“பத்து நிமிஷம்.”

“நான் கொடுத்தது இருபது நிமிஷம்லா? பாக்கிப் பத்து நிமிஷத்தை யாரு எடுத்தா?”

நயினார் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அதுல ஒரு அமைப்பு இருக்கு டீச்சர். சக்கரம் நின்னா அதுல ஓடுற நேரமும் நின்னுரும். சக்கரம் சுத்துனா மறுபடி தானா ஓடும்.”

“வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சா?”

“இல்ல.”

“பின்ன?”

“நான்தான் வச்சேன்.”

“எதுக்கு?”

எதுக்கென்று சொல்ல நயினாருக்குக் கூச்சமாக இருந்தது. சைக்கிள்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. வண்டியை விட்டு இறங்கியதும் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் சராசரி வேகத்தைப் படம் பிடித்து அதில் போட்டுவிட வேண்டும். அதுதான் அங்கே முறை. ஒருநாள் நயினார் பதினைந்து என்று போட்டார். “அண்ணாச்சி, கூடவே மாட்டு வண்டி ஏதும் வந்துச்சா?” என்று ஒருத்தன் கேட்டான். அன்றைக்கே அந்த அமைப்பைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார். மறுநாள் பதினெட்டு. எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

முழுசையும் சொல்லி முடித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

“அண்ணாச்சி, உங்க ஆபீஸ்ல, மீட்டரை நிறுத்தி வச்சுட்டு கரண்ட் எரிச்சா என்ன செய்வீங்க?”

அப்படிப்பட்ட வீடுகளை ஏணி போட்டு ஏறிப் பிடிப்பதில் அந்த வட்டாரத்திலேயே நயினார் பெயர் போனவர்.

பேன்ட் மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டே கேட்டார். “சரி, அந்த அமைப்பை எடுத்துருதேன். அப்ப எதை வாங்க?”

“ஓடப் போறீங்களா?”

“முட்டி தாங்காது டீச்சர்.”

“அப்ப கடிகாரம் வேண்டாம். சைக்கிள்ல போகும்போது கையைத் திருப்பிப் பாத்தா வண்டி பள்ளத்துக்குள்ள போகும். ஹேண்டில்ல மாட்டுறதுதான் சரி. இருபது மணி நேரம் பேட்டரி நிக்கணும். வெயில்ல எழுத்துத் தெரியணும். தொட்டுத் தள்ளுறது வேண்டாம், வேர்த்த விரலுக்கு அது கேக்காது. பட்டன் இருக்கணும்.”

“இது எல்லாம் என்கிட்ட இருக்குறதுலயே இருக்கே.”

“ஆமா.”

“உங்ககிட்ட எது இருக்கு டீச்சர்?”

டீச்சர் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதே கருவிதான். இவருடையதைவிடப் பழசு, ஒரு மூலை உடைந்திருந்தது. நயினாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஏதோ ரகசியக் கருவி இருக்கும் என்று நினைத்துத்தான் வந்திருந்தார்.

அடுத்த மாதம் மூன்றாவது தடவை கிளம்பினார். அந்த அமைப்பை எடுத்தாகிவிட்டது. இப்போது கணக்கு ரொம்ப எளிது. சராசரி பதினைந்துக்கு மேலே இருந்தால் முத்திரை உண்டு, கீழே போனால் இல்லை.

இது எவ்வளவு பெரிய உபத்திரவம் என்று சாத்தூர் வரும்போது புரிந்தது. முன்பெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். இப்போது ஹேண்டிலில் நொடி ஓடுகிறது. பஜ்ஜி கேட்டால், போடுகிறவன் மாவைக் கரைக்கும்போதே சராசரி இறங்குகிறது. “அண்ணே, வெந்தது போதும், கொடுங்க,” என்று பாதி வெந்ததை வாங்கித் தின்றார். மற்ற சைக்கிள்காரர்கள் கால் நீட்டிக் கதை பேசுவதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. பாழாய்ப்போன பெட்டி, பழைய மாதிரியே இருந்திருக்கக் கூடாதா என்று வாய்விட்டே திட்டினார்.

போகும்போது பதினெட்டு. திரும்பும்போது விடிந்ததும் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. சொல்லி வைத்த மாதிரி முகத்திலேயே அறைந்தது. பதினேழு. பதினாறு. கங்கைகொண்டான் தாண்டும்போது பதினைந்துக்கு ஒரு மயிரிழை மேலே. நயினார் எழுந்து நின்று மிதித்தார். உடம்பில் இருந்த உயிரையெல்லாம் காலுக்கு அனுப்பி மிதித்தார். முருகா முருகா என்று கத்தினார். ரோட்டோரம் எள் காயப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்ணாரப்பேட்டை பாலத்துக்கிட்டே கருவியைப் பார்த்தார். பதினான்கு புள்ளி ஒன்பது.

பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கியபோது மணி பன்னிரண்டு நாலு.

டீச்சர் மேசையில் இருந்தார். நயினார் கருவியைக் கழற்றவில்லை, நீட்டவும் இல்லை.

“நாலு நிமிஷம் டீச்சர்,” என்றார்.

“ஆமா அண்ணாச்சி.”

டப்பா மூடிக்கொண்டது. நயினார் தரையிலேயே உட்கார்ந்தார். டீச்சர் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நயினார் மோரை மடமடவென்று குடித்தார்.

“நாளைக்குப் பல் டாக்டர் வருவாரு,” என்றார் நயினார்.

“எதுக்கு?”

“சைக்கிளை வாங்கத்தான். இதுலயும் முடிக்கலைன்னா வித்துருதேன்னு வீட்ல சொல்லிருந்தேன். மூணு தடவை ஆச்சுல்லா. எனக்கு இது விதிக்கல.”

“போன தடவை மொத்தம் எவ்வளவு நேரம் நின்னீங்க?”

“தெரியாது டீச்சர். எங்க நின்னேன், எத்தனை நேரம் நின்னேன், ஒண்ணும் தெரியாது. அதுதான் எதுலயும் பதியலையே.”

“இந்தத் தடவை?”

“ரெண்டு மணி பதினாலு நிமிஷம்.” யோசிக்காமல் சொன்னார். “கோவில்பட்டில இட்லிக்கு இருபத்தஞ்சு. விருதுநகர்ல டியூப் மாத்துனது பத்தொன்பது. திரும்புற எடத்துல படுத்துட்டேன், நாப்பது. சாத்தூர் பஜ்ஜி ஏழு…”

“அந்த நாலு நிமிஷம் எங்கன்னு தெரியுமா?”

நயினார் செம்பைக் கீழே வைத்தார். தெரியும். ரொம்ப நன்றாகத் தெரியும். அதை நினைக்க நினைக்கத்தான் நெஞ்சு எரிந்தது.

“கயத்தாறுல. குழுவுக்குப் போட ஒரு போட்டோ எடுத்தேன். சைக்கிளைச் சுவத்துல சாத்தி, ஹெல்மெட்டைக் கழத்தி, தலையைச் சீவி, டீக்கடைக்காரர்கிட்ட போனைக் கொடுத்து… முதல் படத்துல கண்ணு மூடியிருந்துச்சுன்னு இன்னொண்ணு எடுக்கச் சொன்னேன். ஒன்பது நிமிஷம் டீச்சர். ஒன்பது நிமிஷம்!” தலையில் அடித்துக்கொண்டார்.

டீச்சர் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“தொலைச்ச எடம் தெரியாதவன் விப்பான் அண்ணாச்சி,” என்றார். “உங்களுக்கு என்ன வந்துச்சு?”