வெட்டாத பக்கம்

மலையடிவாரத்து மடத்துக்கு அம்சவேணி வந்தபோது அவள் நகக்கண்களில் மண் இருந்தது.

மடத்தின் தலைவி அவளைவிட ஆறு வயது இளையவள். காவி கட்டினாலும் தன்னைவிட மூத்த பெண்களை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அம்சவேணி அவளைச் சாமி என்பாள். இரண்டு வருடப் பழக்கம். இருவருக்கும் இதில் கூச்சம் கிடையாது.

"என்னங்கக்கா, தோட்ட வேலையா?"

"தோண்டிட்டு வர்றேனுங்க சாமி."

"கெழங்கா?"

"புத்தகமுங்க."

சாமி சிரிக்கப் போனாள். அம்சவேணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அம்சவேணிக்கு ஒரே மகள், நிறைமதி. ஒன்பது வயது. மூன்று வருடங்களுக்கு முன்னால் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியாயிற்று. குழந்தை பாடத்தை ஒப்பித்துவிட்டுப் புத்தகத்தைத் தூக்கி எறிந்த ஒரு சாயங்காலம்தான் காரணம். நல்ல புத்தகங்களோடு வளரட்டும், ஆசையாகப் படிக்கட்டும் என்று வீட்டிலேயே வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். "பிள்ளைய ஊறுகாய் போட்டு வெச்சிருக்கியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவள் பொருட்படுத்தவில்லை.

ஊர் ஊராக அலைந்து நல்ல புத்தகமாகத்தான் வாங்கினாள். வாங்கியதை அப்படியே கொடுத்துவிடவும் மாட்டாள். முதலில் தான் படிப்பாள். நல்ல வரிகளுக்கு அடியில் பென்சிலால் கோடு போடுவாள். ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுவாள். பிறகுதான் மகளிடம் போகும். அதற்கென்று ஒரு பென்சில் எப்போதும் அவள் கொண்டையில் செருகியிருக்கும். குளிக்கப் போகும்போதுகூட எடுக்க மறந்துவிடுவாள். இப்போதும் இருந்தது.

"யாரு பொதைச்சாங்க?" என்றாள் சாமி.

"பாப்பாதானுங்க. கறிவேப்பிலை மரத்தடியில பதினோரு மேடு. ஒவ்வொண்ணு மேலயும் ஒரு செம்பருத்தி. எலி வளையாட்டம் இருக்குதேன்னு தோண்டினேன். பழைய துணியில சுத்தி, அத்தனையும் நான் வாங்கிக் கொடுத்த புத்தகமுங்க."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். 'செத்துப் போச்சும்மா'ங்குது."

சாமி திண்ணையில் இடம்விட்டு உட்கார்ந்தாள்.

"ஒவ்வொண்ணையும் காதுல வெச்சுக் கேக்குமாம். சத்தம் வராட்டி ரெண்டு நாள் பாக்குமாம். அப்பவும் வரலைன்னா பொதைச்சிருமாம். மூணாம் நாளு பாலும் ஊத்தியிருக்குதுங்க, பெரியவங்க செய்யற மாதிரியே. டம்ளர் பால் சீக்கிரம் காலியாகுதே, இப்பல்லாம் அடம்பிடிக்காமக் குடிக்குதேன்னு நான் சந்தோசப்பட்டுட்டு இருந்தேன்."

"எல்லாத்தையும் பொதைச்சிருச்சா?"

"ஒண்ணு மட்டும் இருக்குதுங்க. கரையான் அரிச்சதுன்னு நான் குப்பையில போட்டது. பாதிப் பக்கம் இல்ல, கதைக்கு முடிவும் இல்ல. அத எடுத்துத் தலகாணிக்கு அடியில வெச்சிருக்குது."

"அதுல சத்தம் வருதாமா?"

"வருதாமுங்க."

அம்சவேணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மண் கன்னத்தில் ஒட்டியது. அவள் சொல்ல வந்தது இன்னும் பாக்கி இருந்தது.

"இன்னைக்குக் காலையில எங்கிட்ட வந்து நின்னு நெஞ்சைக் காட்டுது சாமி. 'என்னையும் கேட்டுப் பாரும்மா, எனக்குச் சத்தம் வருதா'ன்னு."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. சத்தமில்லாமல் அழுதாள். பெற்ற பிள்ளையின் நெஞ்சில் காது வைக்கவே அன்று அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது.

"வெச்சுக் கேட்டீங்களா?"

"இல்லீங்க. ஓடி வந்துட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பாப்பாவுக்குப் புத்தகத்து மேல ஆசை வரணும். அதுக்கு நான் இன்னும் என்ன செய்யணுமுங்க சாமி?"

'இன்னும்' என்ற சொல் சாமியின் காதில் விழுந்தது. அவள் எழுந்து நடந்தாள். அம்சவேணி பின்னால் போனாள்.

மடத்தின் நூலறை கிழக்கே தனியாக இருந்தது. உச்சிவெயில். ஓட்டுக் கண்ணாடி வழியாக ஒரு சதுரம் வெளிச்சம் மேசையில் விழுந்துகொண்டிருந்தது. வெளியே காக்கை கரைந்தது. உள்ளே காலடி வைத்ததும் அது கேட்கவில்லை.

சாமி மேல்தட்டிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"பழைய அச்சு. மடிச்ச தாளை வெட்டாமலே தைச்சுட்டாங்க. பாருங்க, பக்கமெல்லாம் ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்குது. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் பிரிச்சதில்ல."

அம்சவேணி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதல் பக்கம் மட்டும் திறந்தது. மற்றவை பைகளைப் போல மூடிக் கிடந்தன. மடிப்பில் தூசி கலையாமல் படிந்திருந்தது.

"ஒரு படகுக்காரன் கதை. கீறிக் கீறிப் படிங்க." சாமி ஒரு மூங்கில் கத்தியை மேசைமேல் வைத்தாள். "கதவைச் சாத்தட்டுமா?"

"வேண்டாமுங்க."

சாமி திறந்து வைத்துவிட்டே போனாள்.

முதல் பக்கத்தில் விடிந்துகொண்டிருந்தது. படகுக்காரன் கயிற்றை அவிழ்த்தான். ஆற்றின்மேல் பனி நின்றது. அம்சவேணிக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த மடிப்பில் கத்தியை நுழைத்துக் கீறினாள். தாள் மெல்ல விட்டுக்கொடுத்தது.

உள்ளே பென்சில் கோடு இருந்தது.

'அவன் ஒருநாளும் ஓய்ந்து உட்கார்ந்ததில்லை' என்ற வரிக்கு அடியில் நேராக, அழுத்தமாக. ஓரத்தில் ஒரு கேள்வி. இதிலிருந்து என்ன தெரிகிறது?

யாரோ பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பசை இல்லை. அவள் கீறியதன் பிசிறு மட்டும் விரலில் குத்தியது.

அடுத்த மடிப்பைக் கீறுவதற்கு முன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெட்டே இல்லை. கீறினாள். இரண்டு கோடுகள். ஒரு கேள்வி. படகுக்காரன் செய்தது சரியா? காரணம் கூறு.

கட்டைவிரலில் கரி ஒட்டியது. போட்டு ஒரு நாழிகைகூட ஆகாத கோடு.

மூன்றாவது மடிப்பில்தான் எழுத்தைக் கவனித்தாள். 'தெ' என்ற எழுத்தின் கொம்பை மேலே சுழித்துத் திருப்பி விடுகிற பழக்கம் அவள் அறிந்தவரையில் ஒரே ஆளுக்குத்தான் உண்டு. அந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்து கத்தியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கோட்டைப் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக மற்ற வரிகளைப் படித்துப் பார்த்தாள். கண் நிற்கவில்லை. ஆறு இருந்தது, படகு இருந்தது, யாரோ எதையோ சொன்னார்கள். எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்க் கோடு போட்ட வரியில் வந்து நின்றது. நின்ற இடத்தில் கேள்வி காத்திருந்தது. பதில் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினால் கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது போல இருந்தது.

அவள் வேகமாகக் கீறினாள். முந்திவிட முடியுமா என்று பார்த்தாள். ஒரே ஒரு பக்கமாவது சுத்தமாகக் கிடைத்தால் போதும். கீறிய பக்கமெல்லாம் கோடு அவளுக்கு முன்னால் போயிருந்தது.

கடைசி மடிப்பு. கதை முடிந்த இடத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில்:

முடிச்சிட்டயா? சொல்லு பார்க்கலாம்.

மூன்று வருடமாக அவள் மகளிடம் கேட்கிற கேள்வி. ஒரு எழுத்து மாறவில்லை.

தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அம்சவேணி புத்தகத்தை மூடிக் காதில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

அவள் வெளியே ஓடி வந்தபோது கத்தி கையிலேயே இருந்தது. சாமி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"படிச்சாச்சுங்களா? படகுக்காரனோட நாய்க்கு என்ன பேரு?"

"நாய் இருந்துச்சுங்களா?"

"மொதல்ல கீறின பக்கத்துலயே படகுல ஏறி உக்காந்துக்குது. கடைசி வரைக்கும் எறங்கவே எறங்காது."

வெட்டாத புத்தகத்தின் கதை சாமிக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அம்சவேணிக்கு அப்போது தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது.

"எனக்கு முன்னாடி யாரோ உள்ள போயிருக்காங்க சாமி. வெட்டாத பக்கத்துக்குள்ள. ஒவ்வொரு வரியிலயும் நின்னு என்னையே பாத்துட்டு இருக்குது."

"கொண்டையில என்னங்கக்கா?"

அம்சவேணி கை வைத்துப் பார்த்தாள். பென்சிலை உருவினாள். காலையில் கிளம்பும்போது சீவியது, ஊசியாக. இப்போது முனை மழுங்கித் தேய்ந்து, மரம் தெரிந்தது.

பென்சில் மண்ணில் விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா மூச்சு நின்னுருக்குமுங்க."

சாமி முறத்தைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"அரைமணி நேரம் இருக்குமுங்க."

"நிறைமதி மூணு வருசமா உள்ள இருக்குதுங்கக்கா."