தினமும் கொஞ்சம் எண்ணெய்

"இன்னும் ஒரு மந்திரம் குடுங்கம்மா," என்றார் தில்லைநாயகம்.

"முன்ன குடுத்ததெல்லாம்?" என்று கேட்டார் மடத்தின் தலைவி உமையாள்.

"விடாம சொல்லிட்டுத்தான் இருக்கேன். கண்ணை மூடினா நெஞ்சை அடைக்கு. தூக்கமே வரமாட்டேங்கு."

மனைவி இறந்த பிறகு மடத்துக்கு வந்தவர் அவர். அறுபது வயதைத் தாண்டியவர். சுடுகாட்டிலும் அழவில்லை. அதை வைராக்கியம் என்று ஊரார் புகழ்ந்தார்கள். புகழ்ந்தவர்களுக்கு என்ன, வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்கள்.

உமையாள் அவரைவிட வயதில் இளையவர்.

"முதல்ல கத்தரிக்குத் தண்ணி பாய்ச்சுங்க அண்ணாச்சி. செடி வாடிக் கெடக்கு."

தோட்டத்தில் பம்போடு சேர்ந்த ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜின். கயிற்றை இழுத்தால் ஓடும்.

அன்று இழுத்தார். கயிறு பாதியில் நின்றுவிட்டது. காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அது அவர் கையை வெடுக்கென்று திரும்ப இழுத்தது.

உமையாளிடம் ஓடி வந்தார்.

"சுத்தமாட்டேங்கும்மா. நான் ஒரு குறையும் வைக்கலை. தெனமும் எண்ணெய் ஊத்துதேன்."

"தெனமுமா?"

"சன்னிதி விளக்குக்கு ஊத்தும்போது இதுக்கும் கொஞ்சம். இன்ஜின் ஆயில்தாம்மா, நல்லெண்ணெய் இல்ல."

உமையாளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார்.

"விளக்கு குடிச்சுத் தீத்துரும். இது அப்படியே வச்சிருக்கும்லா."

இன்ஜினின் அடியில் இருந்த போல்ட்டைத் திறந்து, கூடுதலாக இருந்த எண்ணெயை வடித்தார். பிறகு அதன் தலையில் இருந்த பிளக்கைக் கழற்றினார்.

"இப்ப இழுங்க."

"பிளக் இல்லாம ஓடாதே?"

"ஓட வேண்டாம்."

இழுத்தார். கயிறு லேசாக வந்தது. பிளக் இருந்த ஓட்டையிலிருந்து எண்ணெய் சீறிப் பாய்ந்து அவருடைய வெள்ளை வேட்டியைப் பாழாக்கியது.

"இன்னும் இழுங்க."

இன்னும் வந்தது.

"இவ்வளவும் உள்ளயா கெடந்துச்சு?" தில்லைநாயகம் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார்.

உமையாள் பிளக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மதினி பேரு என்ன?"

துறவு தேடி வந்தவரிடம் வீட்டுப் பேச்சு எடுப்பதில்லை என்பது அந்த மடத்து வழக்கம். அதனால் இத்தனை நாளில் ஒருவரும் அவர் மனைவியின் பெயரைக் கேட்டதில்லை.

"பிரமு," என்றார்.

ஒரு முறைதான் சொன்னார். அப்படியே வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பாவம், எப்படித்தான் தாங்கிக்கொண்டு இருந்தாரோ மனுஷன்.

நடுவில் சட்டென்று நினைவு வந்தவராக முகத்தைத் துடைத்தார். முகமெல்லாம் எண்ணெய்.

"மன்னிச்சுக்கிடுங்கம்மா. செடி வாடுது, தண்ணி பாய்ச்சணும்."

உமையாள் அவர் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தார்.

"பொறவு வாளியில ஊத்திக்கிடலாம். மதினி உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க?"